இரண்டு வட்டி என்றால் எவ்வளவு?

வீட்டில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை இருக்கிறதா? அதனிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இருபதாயிரம் ரூபாய் கடன், இரண்டு வட்டி. வருஷத்துக்கு வட்டி எவ்வளவு?"

கணக்கில் தொண்ணூறு மார்க் வாங்கும் பிள்ளைகூட, "நானூறு ரூபாய்" என்று சொன்னாலும் சொல்லும். பாடப் புத்தகத்தில் வருவது வருஷ வட்டி. கடைத்தெருவில் பேசுவது மாத வட்டி. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஆக, வருஷத்துக்கு 4,800 ரூபாய்! இதே இருபதாயிரத்தைத் தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கில் போட்டால் நாலு சதவிகிதப்படி 800 ரூபாய்தான் கிடைக்கும்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தாய்மார்கள் இதில் அலட்சியமாக இருப்பதற்கில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே மாதச் சம்பளம் கைக்கு வந்துவிடலாம். சம்பளம் வந்தால், பின்னாலேயே செல்போன் ஆசையும் பைக் ஆசையும் வருமல்லவா? தவணைக்காரரும் வந்துவிடுவார்.

அவர் கணக்கு கேட்க வெகு சுலபமாக இருக்கும். "தம்பி! மாதம் நானூறு வட்டி, பத்து மாதத்துக்கு நாலாயிரம். அசலும் வட்டியும் 24,000. மாதம் 2,400 கட்டு, போதும்." இரண்டு வட்டிதானே என்று பையன் தலையாட்டுவான். அங்கேதான் சூட்சுமம்! முதல் தவணையிலேயே அசலில் இரண்டாயிரம் திரும்பிப் போய்விடுகிறது. இரண்டாம் மாதம் அவன் கையில் நிற்கும் கடன் 18,000. கடைசி மாதம் வெறும் 2,000. பத்து மாதத்துக்கும் சராசரி பார்த்தால் 11,000தான். அதற்கு மாதம் நானூறு என்றால் மூன்றரை வட்டிக்கும் மேலே! ஒரு காகிதத்தில் பத்து வரி போட்டு, மாதா மாதம் நிற்கும் கடனைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். சராசரி என்ற பாடம் எதற்கு என்று அன்றைக்கு விளங்கிவிடும்.

சம்பளச் சீட்டும் நல்ல பாடந்தான். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000 என்று வைத்துக் கொள்வோம். பிராவிடெண்ட் ஃபண்டுக்கு 12 சதவிகிதம், 1,680 ரூபாய். ஈ.எஸ்.ஐ.க்கு முக்கால் சதவிகிதம், 105 ரூபாய். கைக்கு வருவது 12,215. "பணத்தைப் பிடித்துவிட்டார்களே, அம்மா!" என்று பையன் குதித்தால், நிதானமாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். முதல் தொகை அவனுடைய சேமிப்பு. முதலாளியும் தம் பங்காக 12 சதவிகிதம் கட்டுகிறார், அதில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகிறது. இரண்டாவது தொகை உடம்புக்கு வந்தால் வைத்தியத்துக்கு. முக்கால் சதவிகிதத்தை அவனே போட்டுப் பார்க்கட்டும். புள்ளியை எங்கே வைப்பது என்று திண்டாடுவான்.

நம் பாட்டனார்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி ஒப்பித்து, மாகாணி, அரைக்கால் என்று வாயாலேயே கணக்குப் போட்டவர்கள். 1957இல் நயா பைசா வந்து அணாக் கணக்கும் போயிற்று. இப்போது செல்போன் பெருக்கித் தருகிறது. ஆனால் எதை எதனால் பெருக்குவது என்று அதற்கு நாம்தானே சொல்ல வேண்டும்?

பெண் குழந்தைகளை மறந்துவிடாதீர்கள். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஏற்பாடாயிற்று. அப்படி வரும் பணத்தை நீங்கள் வாங்கி அரிசி டப்பாவில் போடாமல், வரவு செலவை அவளே எழுதும்படி விடுங்கள்.

சென்னைக்கு ரயிலில் போய்ப் படிக்கிறவளானால் முதல் கணக்கு தயார்: ஒரு நாள் போய்வரும் கட்டணத்தால் மாதச் சீசன் டிக்கெட் விலையை வகுத்து, எத்தனை நாள் போனால் லாபம் என்று கண்டுபிடிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தாளா என்று மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள்!