நாஜிகள் விரட்டிய மேயர்கள் – 6: எர்ன்ஸ்ட் ராய்ட்டர்

1933 மார்ச் 11, சனிக்கிழமை. விடிந்தால் பிரஷ்யா மாநிலம் முழுக்க உள்ளாட்சித் தேர்தல். எல்பே நதிக்கரையில் இருக்கும் மக்டபுர்க் நகர சபைக் கட்டடத்துக்குள் ஹிட்லரின் எஸ்.ஏ. படையினர் புகுந்தார்கள். மேயர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர் விரட்டப்பட்டார். துணை மேயர் ஹெர்பெர்ட் கோல்ட்ஷ்மிட் ஒரு யூதர், அவரும் தப்பவில்லை. பின்னாளில் அவரை ரீகாவுக்கு நாடு கடத்தினார்கள். அங்கிருந்து அவர் உயிரோடு திரும்பவில்லை.

ஓட்டுப்பெட்டி திறக்கும்வரைகூட அவர்களுக்குப் பொறுமை இல்லை. சென்ற வாரம் பார்த்தோமே, கோல்ன் நகர மேயர் ஆடனாவர், அவரது பதவி போனதும் இதே நாட்களில்தான். நாடாளுமன்றக் கட்டடம் எரிந்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நகர சபைகள் ஒவ்வொன்றாக விழுந்ததற்கு ஒரு வரிதான் ஒதுக்குகிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அன்றைய ஜெர்மானிய நகரத்தில் குடிநீர், மின்சாரம், டிராம், ஆஸ்பத்திரி, ஏழைகளுக்கான வீடு, வேலையில்லாதவருக்கான உதவி என எல்லாவற்றுக்கும் ஜனங்கள் போய் நின்றது நகர சபையின் வாசலில். குடியரசு ஒழுங்காக நடக்கிறதா என்பதை அவர்கள் தெரிந்துகொண்டது அங்கேதான். நாஜிகளுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

ராய்ட்டரின் வாழ்க்கை நேர்கோட்டில் போன ஒன்றல்ல. 1889-ல் அபென்ராடே என்ற ஊரில் பிறந்தார்; அது இப்போது டென்மார்க்கில் இருக்கிறது. 1912-ல் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தபோது பெற்றோருக்கும் அவருக்கும் இடையே பெரிய விரிசல் விழுந்தது. முதல் உலகப் போரில் காயம்பட்டு ரஷ்யர்களிடம் சிறைப்பட்டார். முகாமில் ரஷ்ய மொழி கற்றார். புரட்சிக்குப் பிறகு, வோல்கா நதிக்கரையில் குடியேறியிருந்த ஜெர்மானியர்களின் நிர்வாகப் பொறுப்பை லெனின் அரசு அவரிடம் ஒப்படைத்தது. நாடு திரும்பி கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் வரை உயர்ந்தார். மாஸ்கோவின் கட்டளைக்கு ஆட மறுத்ததால் 1922-ல் வெளியேற்றப்பட்டு, பழைய கட்சிக்கே திரும்பினார். நாஜிகளுக்கு அவர் ‘சிவப்பு’, கம்யூனிஸ்டுகளுக்கோ ஓடுகாலி.

ஆனால் அவர் யார் என்பதை அவரது கட்சி அட்டையைவிட ஒரு டிக்கெட் நன்றாகச் சொல்லும். 1926-ல் பெர்லின் நகராட்சியின் போக்குவரத்துப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. டிராம், பஸ், சுரங்க ரயில் ஒவ்வொன்றும் தனித்தனி நிறுவனம். ஆலைக்குப் போகிற தொழிலாளி வழியில் வண்டி மாறினால் மறுபடியும் காசு கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டே ஒரே கட்டணம் வந்தது: 20 பென்னிக். அதே டிக்கெட்டில் வண்டி மாறிக்கொள்ளலாம். 1929 ஜனவரி 1 முதல் மூன்று நிறுவனங்களும் பி.வி.ஜி. என்ற ஒரே நகராட்சி நிறுவனமாயின. பெர்லினில் இன்றும் பஸ்ஸும் டிராமும் சுரங்க ரயிலும் அந்தப் பெயரில்தான் ஓடுகின்றன. இதை வெறும் நிர்வாகச் சீர்திருத்தம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நகரத்தின் ஓரத்தில் குடியிருப்பவனும் நகரத்துக்குச் சொந்தக்காரன் என்று சட்டைப் பையில் எழுதிக் கொடுத்த சீட்டு அது.

1931-ல் மக்டபுர்க் மேயரானபோது உலகப் பொருளாதாரமே சரிந்து கிடந்தது. வேலை இழந்தவர்கள் தங்கள் உழைப்பைப் போட்டுத் தாங்களே வீடு கட்டிக்கொள்ளும் குடியிருப்புகளுக்கு நகராட்சி துணை நின்றது. அந்த ஊரில் இன்னொரு நீண்டகாலத் தொல்லையும் இருந்தது. பொட்டாஷ் சுரங்கங்களின் கழிவால் எல்பே ஆற்று நீர் உப்பேறிப் போயிருந்தது. 1932-ல் கோல்பிட்ஸ் காட்டுப் பகுதியின் நிலத்தடி நீர் குழாய் வழியே நகரத்துக்கு வந்தது. கஜானா காலியாக இருந்த காலத்தில் நடந்த வேலைகள் இவை.

பதவி பறித்ததோடு அவர்கள் விடவில்லை. 1933 ஜூனில் ‘பாதுகாப்புக் காவல்’ என்ற பெயரில் அவரைக் கைது செய்தார்கள். குற்றப்பத்திரிகை கிடையாது, நீதிபதி கிடையாது, எத்தனை நாள் என்ற கணக்கும் கிடையாது. கொண்டுபோன இடம் பிரெட்டின் ஊரில் இருக்கும் லிஷ்டன்புர்க். ஒரு காலத்தில் சாக்சனி அரச குடும்பத்து விதவைகள் வாழ்ந்த அரண்மனை. பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் சிறைச்சாலை. மனிதர் இருக்கத் தகாத இடம் என்று 1928-ல் குடியரசு மூடிவைத்ததை, நாஜிகள் வதைமுகாமாக்கித் திறந்தார்கள். சில மாதங்களிலேயே கைதிகளால் அது நிரம்பி வழிந்தது. கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும் அங்கே ஒரே கூரையின் கீழ் அடைபட்டார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புவரை தெருவில் ஒருவரையொருவர் பகைவர் என்று திட்டிக்கொண்டிருந்தவர்கள். வெளியே ஒன்றுசேர்ந்திருந்தால் அந்த நாடு பிழைத்திருக்குமே என்ற ஆற்றாமை இன்றும் எனக்குத் தீரவில்லை.

1934 ஜனவரியில் விடுதலை. ஜூனில் மறுபடியும் கைது, மறுபடியும் லிஷ்டன்புர்க். செப்டம்பரில்தான் வெளியே விட்டார்கள். அவருக்காக ஓயாமல் முயன்றவர்களில் ஒருவர் எலிசபெத் ஹவர்ட், இங்கிலாந்தைச் சேர்ந்த குவேக்கர் பெண்மணி. மூன்றாம் முறையும் ஆள் வரும் என்பதில் ராய்ட்டருக்குச் சந்தேகம் இல்லை. 1935 ஜனவரியில் நாட்டை விட்டு வெளியேறி இங்கிலாந்து போனார். அதே மாதம் 30-ம் தேதி ஹிட்லர் அரசு புதிய உள்ளாட்சிச் சட்டம் கொண்டுவந்தது. மேயரை மக்களோ, மக்களின் பிரதிநிதிகளோ தேர்ந்தெடுப்பது ஜெர்மனியில் முடிவுக்கு வந்தது.

அந்த ஆண்டு நடுவில் துருக்கி அரசு அவரை அழைத்தது. அங்காராவில் முதலில் போக்குவரத்துக் கட்டண ஆலோசகர் வேலை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய மனிதர், துருக்கிய மொழியைப் பிழையறக் கற்று, அந்த நாட்டின் மாவட்ட நிர்வாகிகளை உருவாக்கும் அரசியல் கல்லூரியில் நகரமைப்புப் பேராசிரியரானார். உள்ளாட்சி பற்றிய அவரது பாடநூல் 1940-ல் வெளிவந்தது. சொந்த நாட்டில் தேர்தல் மூலம் அமைந்த ஒரு நகர சபைகூட மிஞ்சாத காலத்தில், தண்ணீர் வரியையும் நகராட்சி வரவுசெலவையும் இன்னொரு நாட்டு இளைஞர்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ராய்ட்டர் மேயராவதற்கு முன்பு மக்டபுர்க்கில் நகரக் கட்டடக் கலைஞராக இருந்த புரூனோ டவுட்டும் அதே துருக்கியில் தஞ்சம் புகுந்து, 1938-ல் இஸ்தான்புல்லில் காலமானார். ஒரே நகராட்சியின் இரண்டு பெரிய மூளைகளை ஜெர்மனி தூக்கி எறிந்தது. துருக்கி அவற்றை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது.

போர் முடிந்தும் நேச நாடுகளின் அனுமதிக்காக ஓராண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. 1946 இறுதியில் பெர்லின் வந்தபோது அவருக்குக் கிடைத்தது பழைய இலாகாவேதான்: போக்குவரத்து. அடுத்த ஆண்டு ஜூனில் நகர சபை அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. சோவியத் தரப்பு ஒப்புதல் தர மறுத்ததால் பதவியில் உட்கார முடியவில்லை. 1948-ல் நகரம் இரண்டாகப் பிளந்தபோது, நவம்பர் 30 அன்று கிழக்குப் பகுதிக்கு ஃபிரீட்ரிக் ஏபெர்ட் மேயரானார், ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவரின் மகன். டிசம்பரில் மேற்குப் பகுதிக்கு ராய்ட்டர். இருவரும் லிஷ்டன்புர்க் கைதிகள். அந்த இருவரின் கதையும், பெர்லின் முற்றுகையும் அடுத்த வாரம்.

(தொடரும்)