சக்கரத்துக்குள்ளே தெரியும் துரு

அலாய் வீல் பரவலான பிறகுதான் இந்தக் கவலையே வந்தது. இரும்புச் சக்கரமும் அதன்மேல் பிளாஸ்டிக் வீல் கேப்பும் இருந்தவரை உள்ளே என்ன நிறம் என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. இப்போது ஆரங்களின் இடைவெளி வழியே எல்லாமே தெரிகிறது. வாங்கி இரண்டு மழைக்காலம்கூடத் தாண்டாத காரில், பளபளக்கும் அலாய்க்கு நடுவே செம்பழுப்பாகத் துரு. திருவான்மியூர், தூத்துக்குடி என்று கடற்காற்று படும் இடங்களில் இன்னும் சீக்கிரம். காற்றோடு வரும் உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதிலுள்ள குளோரைடு துருவை விரட்டி வளர்க்கும்.

பார்க்கப் பயமாக இருந்தாலும் இது பெரும்பாலும் பழுது இல்லை. பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பில் செய்தது. அதற்குத் துருப்பிடிப்பது இயல்பு. காரைக் கழுவி நிறுத்தினால் மறுநாள் காலை டிஸ்க் முழுக்க ஆரஞ்சுப் படலம் படிந்திருக்கும். தெருமுனை போவதற்குள் நாலு தடவை பிரேக் மிதித்தால் பேடுகளே அதைத் துடைத்துவிடும். பேடு தொடாத இடங்களில்தான் துரு தங்குகிறது. டிஸ்க்கின் நடுவில் கவிழ்த்த கிண்ணம்போல எழும்பி நிற்கும் பகுதி, வெளி விளிம்பு, இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்றுப் போகும் இடைவெளி ஆகியவை அவை. கிண்ணத்தின் நடு ஓட்டை வழியே எட்டிப் பார்க்கும் உருண்டை முனைதான் ஹப். கிண்ணத்துக்குப் பின்னால் டிஸ்க்கைத் தாங்கி நிற்பதும் அதே ஹப்தான். அந்தப் பக்கம் வெளியே தெரியாது.

கிண்ணத்தின்மேல் இருக்கும் துருவால் பிரேக் பிடிப்பது குறையாது. அது அழகுப் பிரச்சினை, அவ்வளவே. தொந்தரவு தரும் துரு கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஹப்பும் டிஸ்க்கும் ஒட்டி உட்காரும் பரப்பில் இருக்கிறது. அங்கே துரு திட்டுத் திட்டாக எழும்பினால் டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்காரும். சுழலும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆட அனுமதிக்கப்படும் அளவு பல கார்களில் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர்தான். பிரஷ்ஷால் அடித்த ஒரே ஒரு கோட் பெயின்ட்டின் தடிமனே அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். ஹப்பின் அருகே சிறிதாக இருக்கும் சாய்வு, டிஸ்க்கின் விளிம்புக்குப் போகும்போது பெரிதாகும். சாய்ந்து சுற்றும் டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடில் உரசி, அந்த இடம் மட்டும் மெல்ல மெல்லத் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து, வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறும். 'டிஸ்க் வளைஞ்சிடுச்சு சார், மாத்தணும்' என்பார் மெக்கானிக். பல நேரம் அது வளைந்திருக்காது. தடிமன் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருக்கும். பழைய ஹப்பைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க் மாட்டினால் அதே உதறல் மறுபடி வரும்.

அதனால், கண்ணில் படும் துருவுக்குப் பெயின்ட் அடியுங்கள். மறைந்திருக்கும் துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் இரும்பாகவே விடுங்கள். ஹப்பும் டிஸ்க்கும் சேரும் பரப்பு, டிஸ்க்கும் சக்கரமும் சேரும் பரப்பு, நட்டு ஏறும் ஸ்டட்டின் மரை, பேடு உராயும் முகம் ஆகிய நான்கிலும் பெயின்ட் படவே கூடாது. சக்கரத்தைக் கழற்றியதும் அது உட்கார்ந்திருந்த தடம் கிண்ணத்தின் முகப்பில் தெளிவாகத் தெரியும். அந்தத் தடத்துக்குள் பெயின்ட் இருந்தால், சூட்டிலும் அழுத்தத்திலும் அது நசுங்கிப் பொடிந்து, இறுக்கிய நட்டு தளரும். அலாய்க்குப் பின்னால் மறைந்து போகும் அந்த இடத்தை அழகுபடுத்தி யாருக்குக் காட்டப் போகிறோம்?

இனி, எந்தப் பெயின்ட் என்ற கேள்வி. வீட்டு கேட்டுக்கு அடித்து மிச்சம் வைத்த ரெட் ஆக்ஸைடும் எனாமலும் இங்கே உதவாது. ஊருக்குள் ஓட்டும்போதே டிஸ்க் 100 முதல் 200 டிகிரி வரை சுடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் 300 டிகிரியைத் தாண்டுவதில் அதிசயமில்லை. சாதாரண எனாமல் அந்தச் சூட்டில் நிறம் மாறி, கருகி, உரியும். பைக் சைலன்சருக்கு அடிக்கும் வெப்பம் தாங்கும் அலுமினியப் பெயின்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பெயின்ட் கடைகளில் கிடைக்கும். சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் காலிப்பர் பெயின்ட் என்றே டப்பாக்கள் இருக்கும். டப்பாவில் 600 டிகிரி என்று போட்டிருந்தால் தாராளம். வெள்ளி நிறமோ கறுப்போ எடுப்பது நல்லது. சிவப்பு, மஞ்சள் எல்லாம் பிரேக் தூசி படிந்து சில வாரத்தில் அழுக்கு நிறமாகிவிடும். இந்த வகைப் பெயின்ட்டில் சிலிக்கோன் பிசின் இருப்பதால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின்னும் மென்மையாகவே இருக்கும். சூடேறினால்தான் இறுகும். முதல் சில ஓட்டங்களில் லேசாகப் புகையும் வாசனையும் வருவது அதனால்தான்.

வேலையைச் சமதளமான இடத்தில் தொடங்குங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்கள். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றும் நேரத்துக்கு மட்டுமானது. அதை நம்பி மணிக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது. ஸ்டாண்ட் வைத்தே தீர வேண்டும். கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் படுக்க வைப்பது கூடுதல் காவல். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின் சக்கரத்தில் வேலை செய்யும்போது அதைச் சுற்ற ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்பதால் அப்போது கட்டைதான் காரைப் பிடித்திருக்கும்.

சக்கரத்தை எடுத்ததும் இரண்டு நட்டுகளை எதிரெதிர் ஸ்டட்டில் திரும்ப முடுக்கி, டிஸ்க்கை ஹப்போடு பிடித்து வையுங்கள். பல கார்களில் சக்கரம் போனால் டிஸ்க்கைப் பிடிக்க ஓரிரு சின்ன ஸ்க்ரூதான் இருக்கும்; சிலவற்றில் அதுவும் இருக்காது. டிஸ்க் ஆடினால், நீங்கள் சுரண்டும் துருப்பொடி அதற்கும் ஹப்புக்கும் நடுவே விழுந்து மாட்டிக்கொள்ளும். மேலே சொன்ன உதறலுக்கு அதுவே போதும்.

சுரண்டுவதற்கு முன் முகமூடி, கண்ணாடி. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு கம்பி பிரஷ், அடுத்து உப்புத்தாள். கண்ணாடிபோல் ஆக்க வேண்டியதில்லை. உதிரும் துரு முழுக்கப் போய், பிடித்து நிற்கும் கறை மட்டும் மிஞ்சினால் போதும். கடைசியாகத் தின்னரோ பிரேக் கிளீனரோ நனைத்த துணியால் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய், டீசல் வேண்டாம். எண்ணெய்ப் படலம் மிஞ்சி, பெயின்ட் ஒட்டாமல் போவதோடு பேடிலும் ஏறிவிடும்.

ஸ்ப்ரே டப்பாவைவிடப் பிரஷ்தான் வீட்டு வேலைக்கு ஏற்றது என்பது என் கட்சி. ஸ்ப்ரே என்றால் காலிப்பர், ரப்பர் ஹோஸ், ஏ.பி.எஸ். சென்சார், ஃபெண்டர் என்று பாதிக் காரைச் செய்தித்தாளால் மூட வேண்டும். அரை இஞ்ச் பிரஷ் என்றால் பேடு ஓடும் வட்டத்தின் ஓரத்துக்கும் ஸ்டட்டுகளுக்கும் மாஸ்கிங் டேப் போதும். பிரஷ்ஷை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு டிஸ்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றினால் கோடு நேராக விழும். மெல்லிய இரண்டு கோட் அடியுங்கள். தடிமனாக ஒரே கோட் அடித்தால் சூட்டில் கொப்புளிக்கும். விளிம்பிலோ கிண்ணத்திலோ 'மின் டிஹெச்' என்ற எழுத்துகளோடு ஓர் எண் பொறித்திருக்கும். அது டிஸ்க் எந்தத் தடிமன்வரை தேயலாம் என்ற கணக்கு, அதை மூடிவிடாதீர்கள். உங்கள் டிஸ்க் அந்த எண்ணை நெருங்கிவிட்டிருந்தால் பெயின்ட் செலவே வீண். துத்தநாக, அலுமினியப் பூச்சோடு வரும் புது டிஸ்க்காகப் பார்த்து வாங்குங்கள். உராயும் முகத்தில் உள்ள பூச்சை முதல் ஓட்டத்திலேயே பேடு தேய்த்துவிடும். மற்ற இடங்களில் அது நிற்கும்.

நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் பின்னால் டிரம் பிரேக்தான். அது எளிது. சக்கரம் உட்காரும் முகப்பை விட்டுவிட்டு வெளிப்புறம் முழுவதும் கறுப்பு அடித்துவிடலாம்.

உராயும் முகத்தில் சொட்டு விழுந்திருந்தால் தின்னரால் துடைத்துவிடுங்கள். சக்கரத்தை மாட்டுவதற்கு முன், அலாயின் நடு ஓட்டை வந்து அமரும் ஹப் முனையைச் சுரண்டி, சூடு தாங்கும் ஆன்டி சீஸ் பசையை மெல்லிசாக அங்கே மட்டும் தடவலாம். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் அரிப்பு ஏறி, பஞ்சர் ஆன அன்று சக்கரம் வர மறுக்கும். மரையில் பசை வேண்டாம். நட்டு அளவுக்கு மீறி இறுகும். நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, கார் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். டிஸ்க்கை வெளியே எடுக்கக் காலிப்பரைக் கழற்றியவர்கள், காரை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்துப் பார்க்க வேண்டும். பேடு பின்னுக்குப் போயிருந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது.

அடித்த பெயின்ட்டுக்கு ஆயுள் எவ்வளவு என்பது ஊரையும் கழுவும் பழக்கத்தையும் பொறுத்தது. கழுவியதும் ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கைச் சில தடவை மிதித்து ஈரம் காய்ந்தபின் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் காரை எடுக்கப் போவதில்லை என்றால் ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஈரத்தோடு இறுகி நின்றால் பேடு டிஸ்க்கோடும் ஷூ டிரம்மோடும் ஒட்டிக்கொள்ளும்.