எந்த வேலைக்கு எந்த மாத்திரை?



சம்பள நாளில் லயத்து வாசலுக்கு யார் யார் வருவார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். சீட்டுப் பணம் கேட்டு ஒருவர் வருவார். தவணைக்குத் துணி விற்றவர் வருவார். அவர்களுக்குப் பின்னால் வைட்டமின் போத்தல்கள் நிறைந்த பையுடன் இன்னொருவரும் வருவார். பால்மரம் வெட்டுகிறவருக்கு ஒரு போத்தல், குலை வெட்டுகிறவருக்கு வேறொரு போத்தல், லாரி ஓட்டும் மகனுக்கு ஒன்று, தொழிற்சாலைக்குப் போகும் மகளுக்கு ஒன்று என்று வரிசையாக எடுத்து வைப்பார். இப்பொழுது கைத்தொலைபேசி வழியாகவும் இதே வியாபாரம் நடக்கிறது. "உங்கள் வேலைக்கென்றே தயாரித்தது" என்று சொன்னால் நமக்கும் மனம் இளகிவிடுகிறது. உழைக்கும் உடம்பை ஒருவர் கவனிக்கிறாரே என்ற மகிழ்ச்சி!

ஒவ்வொரு தொழிலுக்கும் உண்மையிலேயே தனித்தனி வைட்டமின் தேவையா? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே, நம் முன்னோர்களின் சோற்றுப் பானையிலேயே அதற்கு விடை இருக்கிறது.

ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களை வாட்டியது. முதலில் கால் மரத்துப் போகும், பிறகு நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பெல்லாம் வீங்கி இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களே பெரும்பாலும் இதற்குப் பலியானார்கள். அதே காலத்தில் தோட்டங்களில் உழைத்த தமிழர்களிடம் இந்த நோய் அரிதாகவே காணப்பட்டது. அதனால் இது சுரங்கத்து ஈரத்தால் வருவது, நெருக்கமான கொட்டகையால் வருவது, தொற்றிக்கொள்வது என்றெல்லாம் பலர் நினைத்தார்கள். அதாவது, தொழிலோடு ஒட்டிய நோய் என்று எண்ணினார்கள்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் வேறு விதமாக யோசித்தார். மக்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பதோடு, என்ன அரிசி சாப்பிடுகிறார்கள் என்றும் கவனித்தார். சுரங்கத் தொழிலாளர்கள் ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியைச் சாப்பிட்டார்கள். தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. 1905ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றப் பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். ஒருவேளை இடத்தின் கோளாறோ என்று பார்ப்பதற்காக நடுவில் இரு பிரிவினரையும் இடம் மாற்றித் தங்க வைத்தார். ஓராண்டில் வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

1907இல் பிரேசர், ஸ்டேன்டன் என்ற இரு மருத்துவர்கள் நெகிரி செம்பிலான் காட்டுப் பகுதியில் சாலை போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையைத் தொடர்ந்தார்கள். எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். வேறுபட்டது அரிசி மட்டுமே. இங்கும் வெள்ளை அரிசிப் பிரிவில்தான் நோய் கண்டது. இன்று நாம் பி1 வைட்டமின் என்று சொல்லும் சத்து அரிசியின் தவிட்டில் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கும். 'வைட்டமின்' என்ற பெயரே 1912இல்தான் வந்தது. பெயர் பிறக்கும் முன்பே நம் பாட்டிமார்கள் அந்தச் சத்தைப் பானையில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். தெரிந்து செய்தார்கள் என்று நாம் பெருமை பேச வேண்டாம். ஊர்ப் பழக்கம் அவர்களைக் காத்தது, அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. வைட்டமின் குறைவு வேலையைப் பார்த்து வருவதில்லை. எதைச் சாப்பிடுகிறோம், ஆணா பெண்ணா, என்ன வயது, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா, குடலில் புழு இருக்கிறதா, வெயில் படுகிறதா என்பதைப் பொறுத்தே வருகிறது. வேலை இவற்றில் சிலவற்றை மாற்றக்கூடும். அந்த அளவுக்குத்தான் அதற்குப் பங்கு.

பால்மரம் வெட்டும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்து, வெறும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறார். பத்து மணிக்கு மேல்தான் சாப்பாடு. மேடேறினால் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது. "வேலைக் களைப்பு" என்கிறோம். ஆனால் பல வேளைகளில் அது இரத்தச் சோகையாக இருக்கிறது. மாதவிலக்கு உள்ள வயதுப் பெண்ணுக்கு ஆணைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இரும்புச் சத்து வேண்டும். அவர் மரம் வெட்டினாலும் சரி, அலுவலகத்தில் தட்டச்சு செய்தாலும் சரி, இந்தத் தேவை மாறாது. ஆனால் நம் வீடுகளில் மீனும் முட்டையும் முதலில் யார் தட்டுக்குப் போகின்றன? அம்மாவுக்குக் குழம்பு மட்டும்தான் மிஞ்சுகிறது. எந்தப் போத்தலும் இதைச் சரிசெய்யாது.

தேத்தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு சரியாக ஏற்றுக்கொள்ளாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. சோற்றோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ, பிறகு ஒரு துண்டு கொய்யாவோ சேர்ந்தால் அதே கீரையிலிருந்து கூடுதல் இரும்பு கிடைக்கும். நெத்திலி, மத்தி, கோழி ஈரல், பாசாரில் கெராங் என்று விற்கும் சிப்பி எல்லாம் நல்லவை. சிப்பியை மட்டும் நன்றாக வேகவைக்க வேண்டும். சும்மா வெந்நீர் ஊற்றி எடுப்பது போதாது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவருக்குக் கொக்கிப்புழு ஏறியிருக்கலாம். அது குடலில் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது இரும்பு மாத்திரை மட்டும் சாப்பிடுவது, ஓட்டை வாளியில் பால் ஊற்றுவது போலத்தான். ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தலசீமியா என்ற பரம்பரைக் குறை உள்ளவருக்கும் இரத்தம் குறைவாகவே இருக்கும். அவர் தாமாக இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் கெடுதலாக முடியலாம்.

செம்பனையில் குலை வெட்டும் ஆண்களுக்கு வேறு கதை. வெயிலில் நீண்ட அரிவாளைத் தூக்கி வெட்டி, குலையைச் சுமந்து, குடம் குடமாக வியர்க்கிறார்கள். அவர்கள் இழப்பது தண்ணீரும் உப்பும். அதற்கு வைட்டமின் ஈடாகாது. அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், சாப்பாட்டில் வழக்கமான உப்பு இருக்க வேண்டும், நிழலில் சற்று உட்கார வேண்டும். அதிகம் உழைப்பவருக்கு பி1 சத்து சற்றுக் கூடுதலாகத் தேவைப்படுவது மெய்தான். ஆனால் அவர் அதிகமாகச் சாப்பிடுகிறார். சாப்பிடுவது பருப்பும் கச்சானும் மீனும் கலந்த சோறாக இருந்தால் அந்தச் சத்தும் கூடவே வந்துவிடும். டின்னில் விற்கும் இனிப்புத் தண்ணீரால் வயிற்றை நிரப்பினால் வராது. வைட்டமின் விறகு அல்ல, விறகைப் பற்ற வைக்கும் தீக்குச்சி. அடுப்பில் விறகில்லாமல் பெட்டி பெட்டியாகக் குச்சி உரசி என்ன பயன்?

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. செம்பனைப் பழத்தின் சிவப்பு நிறமே கரோட்டின் என்ற சத்து. அது உடம்பில் ஏ வைட்டமினாக மாறி, மாலைக்கண் வராமல் காக்கிறது. ஆலையில் எண்ணெயைச் சுத்திகரித்து வெளிறச் செய்யும்போது அந்தச் சத்தும் போய்விடுகிறது. வெட்டியவர் வீட்டுக்கு வருவது சத்து நீங்கிய மஞ்சள் எண்ணெய். பரவாயில்லை, கொல்லையில் முருங்கையும் பப்பாளியும் இருக்கின்றனவே!

மருந்தடிக்கும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. ஒரு டம்ளர் பால் குடித்தாலோ வைட்டமின் சி போட்டாலோ விஷம் முறிந்துவிடும் என்று நம்பாதீர்கள். பாராக்குவாட் என்ற களைக்கொல்லி 2020 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் மற்ற மருந்துகளும் சர்க்கரைத் தண்ணீர் அல்ல. கையுறை, பூட்ஸ், கசியாத தோம்பு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பது, அந்தத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல் துவைப்பது, இவைதாம் காப்பு. மேற்பார்வையாளர் பால் கொடுத்தால் குடியுங்கள், கையுறையையும் கேளுங்கள்.

தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துப் பகலில் தூங்கும் பிள்ளைகளுக்கு வெயிலே படுவதில்லை. அவர்களுக்கு டி வைட்டமின் குறையலாம். இங்கே வேலைக்கும் வைட்டமினுக்கும் கொஞ்சம் தொடர்பு இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய்க்கு மெட்போர்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கும், முட்டை பால்கூடத் தொடாத சைவர்களுக்கும் பி12 குறைவது உண்டு. கால் மரமரப்பு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிள்ளை பெற நினைக்கும் பெண்களுக்கு மட்டும் மாத்திரையை நாம் தயங்காமல் சொல்வோம். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டு மூடிக்கொள்வது முதல் மாதத்திலேயே, தாய்க்கு நாள் தள்ளியது தெரியும் சமயத்திலேயே நடந்துவிடுகிறது. ஆனால் ஏ வைட்டமினை அளவு மீறி எடுத்தால் அதே குழந்தைக்கு ஊனம் நேரலாம்.

"சாப்பிட்டால் நல்லது, இல்லாவிட்டால் நஷ்டமில்லை" என்று விற்பவர் சொல்வார். 1994இல் பின்லாந்து நாட்டில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் அதில் கலந்துகொண்டார்கள். கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு கூடியது! லாரியில் சிகரெட்டும் கையுமாக இருக்கும் தம்பிக்கு அந்தப் போத்தலை அன்போடு வாங்கிக் கொடுக்கும் முன் இதை நினையுங்கள்.

அப்படியும் வாங்க நேர்ந்தால் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் போத்தலில் இருக்கிறதா என்று பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரையும் ஃபோலிக் அமிலமும் அரசாங்க சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். அந்த இரும்பு மாத்திரைகளை மட்டும் மேசைமேல் வைக்காதீர்கள். பார்ப்பதற்கு மிட்டாய் போல் இருக்கும். சிறு பிள்ளை ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. விழுங்கிவிட்டது தெரிந்தால், பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்க வேண்டாம். போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.