பிஜித் தீவுகளில் கரும்பும் குத்தகைச் சீட்டும்

நிலத்திற்கு உடையவன் ஒருவனும் அதில் உழுது பயிரிடுபவன் வேறொருவனுமாய் இருப்பது நம் விவசாயிகளுக்குப் புதிய செய்தியன்று. ஆயினும், ஒரு தேசத்தின் முக்கியமான பயிர் முழுவதும் அவ்வித ஏற்பாட்டையே ஆதாரமாகக் கொண்டு நூறு வருஷத்திற்கு மேல் நடந்துவந்ததையும், குத்தகைக் காலம் முடிவுற்றபோது பயிருக்கும் குடிகளுக்கும் நேர்ந்ததையும் அறிய விரும்புவோர் பிஜித் தீவுகளின் சரித்திரத்தைச் சற்று நோக்குதல் நலம்.

பிஜி என்பது பஸிபிக் சமுத்திரத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே 300-க்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு. அவற்றுள் பெரியவை வீத்தி லேவு, வனுவா லேவு என்னும் இரண்டே. தென்கிழக்குக் காற்று மலைகளில் மோதி மழையைப் பெரும்பாலும் கிழக்குப் புறத்திலேயே கொட்டிவிடுவதால், தலைநகராகிய சுவா எப்பொழுதும் ஈரமாயிருக்க, மேற்குப் புறத்தில் நாந்தி, லௌத்தோக்கா, பா முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள நிலம் வருஷத்தில் சில மாதங்கள் உலர்ந்திருக்கிறது. கரும்பு முற்றிச் சாறு இனிப்பேறுவதற்கு இவ்வுலர்ச்சி வேண்டும். ஆகையால் கரும்பு அங்கேயும், வனுவா லேவுவில் லம்பாசாவைச் சுற்றியுமே விளைகிறது.

1874-ஆம் வருஷம் அத்தீவுகள் பிரிட்டிஷார் வசமாயின. அக்காலத்துக் கவர்னர் ஆர்தர் கார்டன் என்பவர் சுதேசிகளின் நிலத்தை அந்நியர்க்கு விற்கலாகாதென்று தடைசெய்தார். அவர்களைத் தோட்ட வேலைக்கு இழுப்பதையும் விரும்பவில்லை. ஆகவே, கரும்புக்கு வேண்டிய ஆட்கள் இந்தியாவிலிருந்து ஐந்து வருஷ ஒப்பந்தத்தின்பேரில் கொண்டுபோகப்பட்டனர். 1879 முதல் 1916 வரையில் சென்றவர் 60,000-க்கு மேற்பட்டவர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களைச் சேர்ந்த தமிழர் பலர் அவ்வாறு சென்றனர். அவர்களுடைய சந்ததியார் இன்று வீட்டில் பெரும்பாலும் பேசுவது பிஜி ஹிந்தியே. எனினும், 1926-ல் சாது குப்புசாமி நிறுவிய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பாடசாலைகளையும் கோயில்களையும் நடத்திவருகின்றது.

ஒப்பந்த முறை 1920-ல் ஒழிந்தது. சி. எஸ். ஆர். என்னும் ஆஸ்திரேலியக் கம்பெனியார் தம் பெருந்தோட்டங்களைப் பத்துப் பன்னிரண்டு ஏக்கர் கொண்ட துண்டுகளாகப் பிரித்துக் குடிகளுக்கு விட்டனர். தோட்டங்களுக்கு வெளியே இருந்த நிலமோ மத்தாங்காலி எனப்படும் சுதேசிக் குலங்களுக்குரியது. இந்த உரிமை தனி மனிதனுடையதன்று; பிறந்தவர், பிறக்கப்போகிறவர் அனைவருக்கும் பொது. நாட்டு நிலத்தில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு இவ்வகையைச் சேர்ந்தது. ராத்து லாலா சுகுனா என்னும் சுதேசிப் பெரியாரின் முயற்சியால் 1940-ல் ஒரு நில வாரியம் ஏற்பட்டது. அதுவே குலங்களின் சார்பில் குத்தகைச் சீட்டு வழங்கி, பணம் வசூலித்துப் பங்கிடும்.

1966-ல் இயற்றப்பெற்று 1976-ல் திருத்தப்பெற்ற சட்டத்தின்படி, பயிர் நிலக் குத்தகையின் குறைந்த காலம் 30 வருஷம். குத்தகைப் பணம் திருத்தப்படாத நிலத்தின் மதிப்பில் 100-க்கு 6-க்கு மேற்படலாகாது. குடியானவனுக்கு இது பெரும் பாதுகாப்பு. நில உடையவர் பக்கத்தில் கணக்கு வேறு. பல வருஷங்கள் வரையில், வசூலான 100 டாலரில் வாரியம் தன் செலவுக்கு 25 எடுத்துக்கொள்ளும். மீதி 75-ல் 100-க்கு 30 வீதம் மூன்று தரத்துத் தலைவர்களுக்குப் போகும். எஞ்சிய 52½ டாலரைக் குலத்தார் எல்லோரும் பகிர்ந்துகொள்வர். குலத்தில் நூறு பேர் இருந்தால் ஒருவனுக்கு அரை டாலர்! தன் பாட்டனாருடைய நிலத்தில் அயலான் கட்டிய கல் வீட்டையும் லாரியையும் காணும் வாலிபன், இப்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன நினைத்திருப்பான் என்பதை நாம் ஊகிக்கலாம். குடியானவனும் தன் உழைப்பால் கட்டியதையே வீடென்கிறான். இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது; வழக்கு தீராமைக்கு அதுவே காரணம்.

1997 முதல் சீட்டுகள் காலாவதியாகத் தொடங்கின. இடையில் 1987-ல் இரு ராணுவப் புரட்சிகளும் 2000 மே மாதத்தில் மற்றொரு புரட்சியும் நேர்ந்தமையால், இரு சமூகத்தாரிடையே இருந்த நம்பிக்கை குறைந்திருந்தது. ஆயிரக்கணக்கான சீட்டுகள் புதுப்பிக்கப்படவில்லை. குடும்பங்கள் தம் வீட்டின் தகரத்தையும் மரச் சட்டங்களையும் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு சுவா, லௌத்தோக்கா நகரங்களின் ஓரத்தில் பட்டா இல்லாத இடங்களில் குடியேறின. வசதியுடையோர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் சென்றனர். 1999-ல் பதவியேற்ற மகேந்திர சௌத்ரியின் அரசாங்கம் நிலமிழந்த குடி ஒன்றுக்கு 28,000 பிஜி டாலர் உதவித்தொகை என்று ஏற்பாடு செய்தது. ஒரு வருஷத்திற்குள் அவ்வரசாங்கமே கவிழ்க்கப்பட்டது.

பயிர்த்தொழிலில் அக்கறையுள்ளோர் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது, சீட்டு முடியுமுன்னரே நிலத்தில் தோன்றிய மாறுதலை. புதிய கரணை நடுவதற்குச் செலவு அதிகம். அச்செலவு பல அறுவடைகளில்தான் திரும்பும். இன்னும் மூன்று நான்கு வருஷமே பாக்கியுள்ள குடியானவன் கட்டைக் கரும்பையே மறுதாம்பு மறுதாம்பாக விட்டு வெட்டிக்கொண்டிருந்தான். வடிகால் தூர்ந்தது, பயறுவகைத் தழையுரமிட்டு நிலத்தை ஆறப்போடும் வழக்கம் அருகியது. இதற்குச் சோம்பலைக் காரணமாகக் கூறுதல் தகாது. அவன் நிலையில் கணக்குத் தெரிந்த எவனும் அவ்வாறே செய்வான்.

இவ்விடத்தில் வெட்டிவேரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் குடிநீர்ப் பானையிலும் ஜன்னல் தட்டியிலும் பயன்படும் இப்புல்லை, 1950-களில் கம்பெனியார் பிஜியின் சரிவான கரும்பு நிலங்களில் சமமட்டக் கோட்டில் வேலிபோல் நடச் செய்தனர். மழை நீரில் அடித்து வரும் மண் அவ்வேலியில் தங்கி, வருஷங்கள் செல்லச் செல்லச் சரிவு தானே படிக்கட்டாகியது. மண் அரிப்பைத் தடுக்க வெட்டிவேரைப் பிற்காலத்தில் பல தேசங்களில் பரப்பியவர்கள் எடுத்துக்காட்டியது இந்தப் பிஜி வயல்களைத்தான். வேலி மண்ணைப் பிடித்துப் படிக்கட்டாக்குவதற்கு வருஷக்கணக்கில் பொறுக்க வேண்டும். பொறுப்பதற்குச் சீட்டில் காலம் இருக்க வேண்டும்.

1990-களில் சில பருவங்களில் 40 லட்சம் டன்னைத் தாண்டிய கரும்பு விளைச்சல், 2012-க்குப் பின் 20 லட்சம் டன்னை எட்டவில்லை. குறைவுக்குக் குத்தகை ஒன்றே காரணமன்று. ஐரோப்பிய நாடுகள் பிஜிச் சர்க்கரைக்குக் கொடுத்துவந்த உயர்ந்த விலை 2006 முதல் படிப்படியாய்க் குறைக்கப்பட்டது. கரும்பு வெட்டும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. 2016 பிப்ரவரி 20-ஆந் தேதி அடித்த வின்ஸ்டன் என்னும் பெரும்புயலில் 44 பேர் மாண்டனர். ராக்கிராக்கிக்கு அருகிலிருந்த பெனாங் ஆலை சேதமடைந்து மறுபடியும் ஓடவே இல்லை. அதன்பின் அப்பகுதிக் கரும்பு லாரியில் நெடுந்தூரம் சென்று பா நகரத்து ராராவாய் ஆலையை அடையவேண்டியதாயிற்று.

திரும்பப் பெற்ற நிலத்தில் சில குலத்தார் தாமே கரும்பு நட்டனர், சிலர் கைவிட்டனர், பல இடங்களில் புதர் மண்டியது. இன்று சுதேசிகளிலும் கரும்பு விவசாயிகள் கணிசமாக உள்ளனர். ஆனால், அவர்களில் பலருக்குக் கரும்பைவிட தாலோ எனப்படும் சேம்பும், யாங்கோனாவும் கைவந்த பயிர்கள். யாங்கோனா மிளகின் இனத்தைச் சேர்ந்த செடி. அதன் வேரை இடித்து நீரில் கரைத்துக் குடிப்பர். சடங்கிலும் சபையிலும் அது இன்றியமையாதது. மாலையில் இந்தியர் வீட்டு முற்றத்திலும் அதே பாத்திரம் சுற்றிவருகிறது. 1993-ல் ஸமோவாவின் சேம்பு இலைக்கருகல் நோயால் அழிந்தபோது, தவேயூனித் தீவினர் அந்த ஏற்றுமதிச் சந்தையைப் பிடித்தனர். இடைவிடாத சாகுபடியால் அவர்கள் மண்ணும் சத்திழக்கவே, இப்போது பூனைக்காலியை விதைத்து நிலத்தை மூடிவைக்கும் முறை அங்கே போதிக்கப்படுகிறது.

2011 முதல் குத்தகைப் பணம் தலைவர், குடி என்ற பேதமின்றிக் குலத்தார் அனைவருக்கும் சமமாய்ப் பங்கிடப்படலாயிற்று. சீட்டைப் புதுப்பிக்கும்போது வாரியத்தின் கட்டணத்தோடு, குத்தகைக்கு மேற்பட்ட ஒரு முன்தொகையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. விண்ணப்பம் வாரியத்தின் ஆபீசுக்குப் போகிறது. ஆயினும் விவரமறிந்த குடியானவன் அதற்கு முன்னரே யாங்கோனா வேர்க்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நில உடையவரின் கிராமத்திற்குச் சென்று, பாயில் அமர்ந்து, அதைத் தலைவர்முன் வைத்துத் தன் வேண்டுகோளைச் சொல்கிறான்.