எல்லைக் கோட்டை அழித்தது யார்?

பூகோளம் கற்பிக்கிறவர்களுக்குக் கானடாவின் தெற்கு எல்லையைப்போல் சௌகரியமான எல்லை வேறொன்று கிடையாது. ஏரிகள் முடிகிற இடத்திலிருந்து மேற்குக் கடற்கரை வரையில் 49-வது அட்சரேகையே எல்லை. மலை, ஆறு என்று மாணவர்கள் நெட்டுருப் போட வேண்டியதில்லை. கரும்பலகையில் நேராக ஒரு கோடு இழுத்துவிட்டால் தீர்ந்தது. இவ்வளவு சுலபமாக இழுக்கக்கூடிய கோட்டை அவ்வளவு சுலபமாக அழித்துவிடவும் கூடுமோ என்ற ஐயம் 1988-ம் வருஷத்தில் அந்த தேசத்து ஜனங்களைப் பிடித்து ஆட்டியது. அவ்வருஷம் அக்டோபர் 25-ந் தேதி இரவு, ஒட்டாவா நகரில் மூன்று கட்சித் தலைவர்கள் டெலிவிஷன் காமிராக்களுக்கு முன் நின்று மூன்று மணி நேரம் வாதாடியதில் நாட்டின் நெஞ்சைத் தைத்த பகுதி இதைப் பற்றியதுதான்.

வழக்கு என்னவென்பதை முதலில் பார்ப்போம். கானடாவைக் காட்டிலும் ஜனத்தொகையில் ஒன்பது மடங்கு பெரிய அமெரிக்க ஐக்கிய நாடுகள் அதன் அண்டை வீடு. கானடா வெளிநாடுகளுக்கு விற்கும் சரக்கில் ஏறக்குறைய முக்காற் பங்கு அந்த ஒரே வாடிக்கைக்காரரிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. இவ்விரு தேசங்களுக்கும் இடையிலுள்ள சுங்கத் தீர்வைகளைப் பத்து வருஷத்துக்குள் படிப்படியாக ஒழித்துவிடுவதென்று ஓர் ஒப்பந்தம் தயாராயிற்று. 1988 ஜனவரி 2-ந் தேதி பிரதம மந்திரி பிரையன் மல்ரோனியும் அமெரிக்க ஜனாதிபதி ரேகனும் அதில் கையெழுத்திட்டார்கள். கீழ்ச்சபை மசோதாவை நிறைவேற்றியது. ஆனால் செனெட் சபையில் எதிர்க்கட்சியான லிபரல் கட்சிக்கே பெரும்பான்மை. அக்கட்சியின் தலைவர் ஜான் டர்னர், ஜனங்கள் தீர்ப்பளிக்கிற வரையில் மசோதாவை நிறுத்தி வைக்குமாறு தம் கட்சி செனெட்டர்களைக் கேட்டுக்கொண்டார். நியமனம் பெற்ற சபை, தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்குக் குறுக்கே நிற்பது முறையா என்று சிலர் முணுமுணுத்தார்கள். எப்படியாயினும் நவம்பர் 21-ந் தேதி தேர்தல் என்று முடிவாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1891-ம் வருஷத்துத் தேர்தலிலும் 1911-ம் வருஷத்துத் தேர்தலிலும் இதே பிரச்னை எழுந்தது. அப்போது அமெரிக்காவுடன் வியாபார உறவை விரும்பியவர்கள் லிபரல்கள். நாடு பறிபோகிறதென்று கூக்குரலிட்டவர்கள் கன்ஸர்வேடிவ்கள். 1911-ல் அமெரிக்கக் காங்கிரஸின் தலைவர்களில் ஒருவரான சாம்ப் கிளார்க் என்பவர், வட துருவம் வரையில் அமெரிக்கக் கொடி பறக்கும் நாளைக் காண விரும்புவதாகச் சபையில் பேசி வைத்தார். லிபரல் பிரதம மந்திரி லோரியேயின் விரோதிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? லோரியே தோற்றார். 1988-ல் இரு கட்சிகளும் ஒருவர் சட்டையை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றன. மல்ரோனியே 1983-ல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது, தடையற்ற வியாபாரம் கானடாவின் சுயாதிபத்தியத்துக்கு ஆகாது என்று பேசியவர்தாம். இரண்டே வருஷத்தில் மனம் மாறியது. 1985-ல் ஒரு ராயல் கமிஷன் இந்த ஒப்பந்தத்தைச் சிபார்சு செய்ததும், அந்தக் கமிஷனுக்குத் தலைமை வகித்த டொனால்ட் மக்டொனால்ட் பழைய லிபரல் மந்திரி என்பதும் அவருக்கு நல்ல கேடயமாயின.

மேடையில் நின்ற மூவரையும் நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மல்ரோனிக்கும் டர்னருக்கும் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. 1984 ஜூன் 30-ந் தேதி டர்னர் பிரதம மந்திரியானார். பதவியை விட்டுச் சென்ற ட்ரூடோ, தம் கட்சியைச் சேர்ந்த பலருக்கு உத்தியோகங்களை வாரி வழங்க ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார்; டர்னரும் அதை நிறைவேற்றினார். அவ்வருஷம் ஜூலையில் நடந்த டெலிவிஷன் விவாதத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது, தமக்கு வேறு வழியில்லை என்று டர்னர் சொல்லிவிட்டார். உடனே மல்ரோனி விரலை நீட்டி, வழி இருந்தது ஐயா, முடியாது என்று நீர் சொல்லியிருக்கலாம் என்று இடித்துரைத்தார். செப்டம்பர் தேர்தலில் 282 ஸ்தானங்களில் மல்ரோனியின் கட்சி 211 பெற்றது. லிபரல் கட்சி 40-ஆகச் சுருங்கிற்று. டர்னர் பிரதம மந்திரியாக இருந்தது மூன்று மாதங்கூட இல்லை.

நான்கு வருஷம் கழித்து அதே டர்னர் முதுகு வலியோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். தேர்தல் நடுவிலேயே அவரை விலக்கிவிடலாமா என்று அவருடைய கட்சிப் பிரமுகர்கள் ரகசியமாக ஆலோசித்ததாக, விவாதத்துக்குச் சில தினங்களுக்கு முன் செய்தி ஒலிபரப்பாயிற்று. அவர் இனி எழுந்திருக்க மாட்டார் என்றே பலரும் எண்ணினார்கள். மூன்றாமவரான புதிய ஜனநாயகக் கட்சித் தலைவர் எட் பிராட்பென்ட், மோட்டார்த் தொழிலுக்குப் பேர்போன ஆஷாவா நகரத்துக்காரர். அரசியல் சாஸ்திரப் பேராசிரியராக இருந்தவர். எதிர்க்கட்சிக்காரரும் மதிக்கிற மனிதர். அவரும் ஒப்பந்தத்தை எதிர்த்தார். ஆனால் அவருடைய கட்சி வியாபாரப் பிரச்னையை முன்னணியில் வைக்காமல், சாதாரண மனிதனின் நலன், நேர்மை என்று பொதுவாகப் பேசத் தீர்மானித்திருந்தது. தொழிலாளர் கட்சிக்கு இது பெரும் பிசகென்பது நமது அபிப்பிராயம். வீடு தீப்பற்றியதென்று ஊரே கூவும்போது, வாடகையைப் பற்றிப் பேசுகிறவனிடம் யார் காது கொடுப்பார்கள்?

அக்டோபர் 24-ந் தேதி பிரெஞ்சு பாஷையில் விவாதம் நடந்தது. மறுநாள் இங்கிலீஷில். மத்தியஸ்தராக வீற்றிருந்தவர் ரோஸலி அபெல்லா என்ற பெண்மணி. பிற்காலத்தில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியானவர். பத்திரிகைக்காரர்கள் கேள்வி கேட்பதும், தலைவர்கள் இருவர் இருவராக எதிரெதிரே நின்று வாதாடுவதும் ஏற்பாடு.

ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் வெறும் அச்சத்தைக் கிளப்பினார்கள் என்று சொல்வது நியாயமாகாது. எண்ணெயும் வாயுவும் பற்றாக்குறையான காலத்திலும், அமெரிக்காவுக்கு வழக்கமாக விற்றுவந்த விகிதத்தைக் கானடா குறைக்கக்கூடாதென்று ஒரு ஷரத்து இருந்தது. எந்தச் சர்க்கார் உதவி வியாபாரத்துக்கு விரோதமான மானியம் என்பதைப் பின்னால் பேசித் தீர்மானிக்கலாமென்று ஒத்திப்போட்டிருந்தார்கள். அப்படியானால் ஜனங்களுக்குச் சர்க்கார் செலவில் கிடைக்கும் வைத்தியத்தையே நாளைக்கு மானியம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பிராட்பென்டும் டர்னரும் கேட்டார்கள். மல்ரோனியின் பக்கத்திலும் பலம் இல்லாமலில்லை. அமெரிக்கர்கள் நினைத்தபோதெல்லாம் கானடாவின் சரக்கின்மேல் அபராதத் தீர்வை போடுவதைத் தட்டிக்கேட்க, இரு நாட்டாரும் கலந்த மத்தியஸ்த மன்றங்களை அவர் பெற்று வந்திருந்தார். பெரிய சந்தை திறந்தால் வேலை பெருகும். வேலை பெருகினால்தான் வைத்தியத்துக்கும் பென்ஷனுக்கும் பணம் வரும் என்பது அவருடைய வாதம்.

மூன்றாவது மணி நேரத்தில் டர்னரும் மல்ரோனியும் நேருக்கு நேர் நின்றார்கள். நீர் எங்கள் நாட்டை விற்றுவிட்டீர் என்று டர்னர் குற்றம் சாட்டினார். மல்ரோனியின் முகம் சிவந்தது. தேசபக்தி உமக்கு மட்டும் ஏகபோகச் சொத்தல்ல என்று சீறினார். ஐம்பத்தைந்து வருஷங்களுக்கு முன் தம் தகப்பனார் கூலியாளாகச் சென்று, வட கிழக்கு க்யூபெக்கில் மற்றவர்களோடு சேர்ந்து தம் கைகளாலேயே பள்ளிக்கூடமும் கோயிலும் எழுப்பி ஓர் ஊரை உண்டாக்கினார். அதுவும் தேச நிர்மாணந்தான் என்றார். டர்னர் விடவில்லை. உமது தந்தையை மதிக்கிறேன். என் தாயும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள்தான் என்று தொடங்கி, 120 வருஷமாகக் கிழக்கும் மேற்கும் வடக்குமாக ஒரு நாட்டைக் கட்டினோம், தெற்கேயிருந்து இழுக்கும் சக்தியை வேண்டுமென்றே எதிர்த்துக் கட்டினோம், அதை ஒரே கையெழுத்தால் கவிழ்த்துவிட்டீர் என்று பேசினார். பொருளாதாரப் பிடி கையை விட்டுப் போனால் அரசியல் சுதந்திரமும் அதன் பின்னே போய்விடும். அமெரிக்காவின் காலனியாக நாம் தாழ்வோம் என்றார். காலனி என்ற சொல்லின் கசப்பை இப்பத்திரிகையின் நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு மல்ரோனி அளித்த விடைதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. ஆறு மாத நோட்டீஸ் கொடுத்தால் ரத்துச் செய்துவிடக்கூடிய வியாபார தஸ்தாவேஜு இது என்றார் அவர். வியாபார தஸ்தாவேஜா? வாழ்க்கையின் ஒவ்வோர் அம்சத்தையும் தொடுகிற விஷயமல்லவா என்று டர்னர் திருப்பிக் கேட்டார். நேரம் முடிந்தது. ஆனால் இந்தச் சில நிமிஷப் பேச்சைத்தான் டெலிவிஷன்கள் மறுநாளும் அதற்கு மறுநாளும் திரும்பத் திரும்பக் காட்டின.

மல்ரோனி சொன்ன அந்த ஊர் பே கோமோ. அதன் சரித்திரத்தை டர்னர் அச்சமயம் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. அந்த ஊரும் அதன் காகித ஆலையும் எழுந்தது, சிகாகோவில் ஒரு பெரிய பத்திரிகையை நடத்திய மக்கார்மிக் என்னும் அமெரிக்கருக்குக் காகிதம் வேண்டியிருந்ததனால். மல்ரோனி சிறுவனாயிருந்தபோது, அந்த முதலாளி ஊருக்கு வந்தால் அவருக்குப் பாட்டுப் பாடிக் காட்டி 50 டாலர் பரிசு பெறுவாராம். தேச நிர்மாணம் என்று மகன் பெருமைப்படுவதும் பொய்யல்ல. அதற்கு மூலதனம் தெற்கேயிருந்து வந்ததும் பொய்யல்ல. கானடாவின் கதை முழுவதிலும் இவ்விரண்டும் இப்படித்தான் பின்னிக் கிடக்கின்றன.

விவாதத்துக்குப் பின் காற்று திசை மாறியது. லிபரல் கட்சி முதலிடத்துக்கு வந்துவிட்டதாகவும் ஒரு கணக்கெடுப்பு கூறிற்று. லிபரல்கள் ஒரு விளம்பரம் காட்டினார்கள்: அமெரிக்கப் பிரதிநிதி ஒருவர் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு கோட்டை மாற்ற வேண்டுமென்கிறார், எந்தக் கோடு என்று கேட்டால், ரப்பரை எடுத்துப் படத்திலிருந்த எல்லைக் கோட்டையே அழித்துவிடுகிறார்! கன்ஸர்வேடிவ்கள் சும்மா இருப்பார்களா? அதே கோட்டைத் திரும்ப வரைந்து காட்டும் விளம்பரமொன்றை வெளியிட்டார்கள். டர்னரின் நாணயத்தையே குறிவைத்துத் தாக்கினார்கள். பெருந்தொழில் முதலாளிகள் பத்திரிகைகளில் பணத்தைத் தண்ணீராக இறைத்தார்கள். கானடாவின் வைத்தியத் திட்டத்துக்குத் தந்தை என்று போற்றப்பட்ட முதிய நீதிபதி எம்மெட் ஹால், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்ததாகவும், வைத்தியத் திட்டத்துக்கு அதனால் அபாயம் இல்லையென்றும் சொன்னார். இந்த ஒரு வார்த்தை பல விளம்பரங்களுக்குச் சமானம்.

நவம்பர் 21-ந் தேதி வோட்டர்களில் 100-க்கு 75 பேர் வோட்டுப் போட்டார்கள். 295 ஸ்தானங்களில் கன்ஸர்வேடிவ் கட்சிக்கு 169, லிபரல் கட்சிக்கு 83, புதிய ஜனநாயகக் கட்சிக்கு 43. வோட்டு விகிதத்தைப் பார்த்தாலோ, ஒப்பந்தத்தை ஆதரித்த கட்சிக்கு 43 சதவிகிதம். எதிர்த்த இரு கட்சிகளுக்கும் சேர்ந்து 52 சதவிகிதம். எதிர்ப்பு இரண்டாகப் பிளந்ததால் பெரும்பான்மை தோற்றது. க்யூபெக்கில் மட்டும் 75 ஸ்தானங்களில் 63 மல்ரோனிக்குச் சென்றன. அந்த மாகாணத்தில் லிபரல் முதல் மந்திரி புராஸாவும், தனி நாடு கேட்ட பரிஸோவும் ஒருங்கே ஒப்பந்தத்தை ஆதரித்தார்கள். தங்களை விழுங்கிவிடுமென்று அவர்கள் அஞ்சியது ஒட்டாவாவைத்தான்; வாஷிங்டனையல்ல. டர்னர் தோல்வியைக் கண்ணியமாக ஏற்றுக்கொண்டார். செனெட் சபையும் வழி விட்டது. 1989 ஜனவரி முதல் தேதி ஒப்பந்தம் அமுலுக்கு வந்தது.

பிறகு நடந்தவை டர்னரையும் மல்ரோனியையும் சேர்த்தே சோதித்தன. சர்க்கார் வைத்தியத் திட்டம் அழியவில்லை; எல்லைக் கோடும் அழியவில்லை. 1993-ல் ஆட்சிக்கு வந்த லிபரல் கட்சியே, மெக்ஸிகோவையும் சேர்த்துக்கொண்ட புது ஒப்பந்தத்தை 1994-ல் அமுலுக்குக் கொண்டுவந்தது. அதே தேர்தலில் மல்ரோனியின் கட்சி, அவர் விலகிய பின், 2 ஸ்தானங்களுக்கு இறங்கியிருந்தது.

ஆனால் அந்த ஆறு மாத நோட்டீஸ் என்ன ஆயிற்று? கானடாவின் கையில் இருக்கும் கத்தி என்று மல்ரோனி அதைக் காட்டினார். அதற்கு மறுமுனையும் உண்டென்பதை அன்றிரவு எவரும் அழுத்திச் சொல்லவில்லை. 2017-ல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் மறுமுனையைப் பிடித்து, ஒப்பந்தத்தைக் கிழித்தெறிவேன் என்றார். கானடாவில் அப்போது லிபரல் ஆட்சி. ஒப்பந்தத்தைக் காப்பாற்ற யோசனை சொல்லும்படி லிபரல் மந்திரி சபை யாரை அழைத்தது தெரியுமா? மல்ரோனியைத்தான்! 2018-ல் தேசப் பாதுகாப்பு என்ற காரணம் சொல்லிக் கானடாவின் எஃகின்மேல் 25 சதவிகிதமும் அலுமினியத்தின்மேல் 10 சதவிகிதமும் தீர்வை விதித்தார்கள். 2020 ஜூலையில் மூன்றாவது ஒப்பந்தம் வந்தது. அதிலும் ஆறு மாத ஷரத்து இருக்கிறது. 2025-ல் மறுபடியும் தீர்வைகள் விழுந்தன. கானடா 51-வது மாகாணமாகிவிடலாமே என்ற பேச்சும் அமெரிக்க ஜனாதிபதியின் வாயிலிருந்தே வந்தது. டர்னர் சொன்ன பிடி மெய்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதால் அது இறுகவில்லை. முக்காற் பங்குச் சரக்கை ஒரே வீட்டில் விற்கும் தேசத்தை, அந்த வீட்டார் கையெழுத்தை மதிக்காதபோதுதான் அது இறுகிற்று.

2025 ஏப்ரலில் மான்ட்ரியால் நகரில் மறுபடியும் கட்சித் தலைவர்கள் டெலிவிஷனில் வாதாடினார்கள். அந்நகரத்து ஹாக்கிப் பந்தயம் குறுக்கிட்டதால் பிரெஞ்சு விவாதத்தை இரண்டு மணி நேரம் முன்னதாகவே வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கத் தீர்வையை ஆதரித்துப் பேச அங்கே ஒருவரும் இல்லை. அதை எதிர்ப்பதில் யார் கெட்டிக்காரர் என்பதே போட்டியாயிருந்தது. 1988-ல் வாதாடிய மூவரில் எவரும் அதைக் கேட்க உயிரோடில்லை. டர்னர் 2020 செப்டம்பரிலும், பிராட்பென்ட் 2024 ஜனவரியிலும், மல்ரோனி அதே வருஷம் பிப்ரவரி 29-ந் தேதியும் காலமாகிவிட்டார்கள்.