பட்டன் போனுக்கு எந்த ரீசார்ஜ்?

பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் போதும், ரீசார்ஜ் செய்யாமலேயே நான்கு மாதம் சிம் உயிரோடு இருக்கும் என்று 2025 ஜனவரியில் ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. ட்ராய், அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், புது விதி போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். விதி உண்மைதான். ஆனால் அது 2013-லேயே வந்தது. பத்து வருடத்துக்கும் மேலாக நம் கையில் இருந்த உரிமை, பெரும்பாலானவர்களுக்குத் தெரியாமலே கிடந்திருக்கிறது.

அந்த விதி சொல்வது இது. ஒரு ப்ரீபெய்டு எண்ணைப் பயன்படுத்தவில்லை என்ற காரணத்துக்காக 90 நாளுக்குள் துண்டிக்கக் கூடாது. அழைப்பு வந்தாலும் போனாலும், குறுஞ்செய்தி அனுப்பினாலும், நெட் ஓடினாலும் அது பயன்பாடுதான். எதுவுமே நடக்காமல் 90 நாள் கடந்துவிட்டால், பேலன்ஸில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருக்கும்பட்சத்தில், அதில் அதிகபட்சம் 20 ரூபாயைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் எண்ணை வைத்திருக்க வேண்டும். பேலன்ஸ் இருக்கும் வரை இப்படியே நீளும். அதுவும் தீர்ந்து எண் துண்டிக்கப்பட்டால், மீட்டுக்கொள்ள 15 நாள் அவகாசம் உண்டு.

இதில் இரண்டு இடத்தில் மக்கள் ஏமாந்துபோகிறார்கள். முதலாவது, இது எண்ணைக் காப்பாற்றும் விதி, பேசும் வசதியைக் காப்பாற்றும் விதி இல்லை. பேக் முடிந்தபின் அவுட்கோயிங் நிற்கும், பின்னாலேயே இன்கமிங்கும் நிற்கலாம். எண் உங்கள் பெயரில் இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, பேலன்ஸ் வேறு, பேக் வேறு. 199 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அந்தப் பணம் முழுவதும் பேக்குக்குப் போய்விடும், பேலன்ஸில் ஒரு பைசாகூட ஏறாது. பேலன்ஸ் ஏற வேண்டுமென்றால் டாப்-அப் என்று கேட்டுப் போட வேண்டும். அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. 10 ரூபாய் டாப்-அப் போட்டால் ஜிஎஸ்டியும் சேவைக் கட்டணமும் போக 7 ரூபாய் 47 காசுதான் சேரும். இரண்டு முறை போட்டாலும் 15 ரூபாயைத் தொடாது. மூன்று முறை போட்டால்தான் 20 ரூபாயைத் தாண்டும். '20 ரூபாய் போட்டேனே, ஏன் சிம் போச்சு?' என்று கேட்பவர்களில் பலருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இரட்டை சிம் போனில் இரண்டாவது எண்ணாகச் சும்மா கிடக்கும் சிம்முக்கு இந்த வழி சரி. ஊரில் இருக்கும் அம்மா, அப்பாவின் ஒரே எண்ணுக்கு இது சரிவராது. அவர்களுக்கு அழைப்பு வந்தாக வேண்டும், ஓடிபி வந்தாக வேண்டும். அங்கே கேள்வி வேறு: எந்தப் பேக்?

வயதான ஒருவரின் பட்டன் போனை வாங்கி ஐந்து நிமிடம் நிதானமாகப் பாருங்கள். எண்கள் தேய்ந்துபோன அந்தப் பட்டன்களை அழுத்தி அழைப்புப் பட்டியலைத் திறந்தால், மகன், மகள், பக்கத்து வீடு, பால் சொசைட்டி என்று வந்த அழைப்புகள்தான் வரிசையாக நிற்கும். பேசப் போனவை குறைவு. இன்பாக்ஸில் வங்கிக் கணக்கில் பணம் ஏறிய தகவல், சிலிண்டர் பதிவு, ரேஷன் கடையில் பில் போட்டதும் வரும் அரிசி, சர்க்கரை, பருப்புக் கணக்கு. நெட் என்ற ஒன்றே அங்கு நடமாடுவதில்லை. ஆனாலும் மாதாமாதம் போடும் ரீசார்ஜில் டேட்டாவுக்கும் சேர்த்தே பணம் போயிருக்கும்.

இதைத்தான் 2024 டிசம்பர் 23 அன்று ட்ராய் கையில் எடுத்தது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ஒரு பேக்காவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. சிறப்புப் பேக்குகளின் வேலிடிட்டி உச்சவரம்பை 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. என் பார்வையில், சமீப ஆண்டுகளில் எளிய மக்களுக்காக ட்ராய் செய்த நல்ல காரியம் இது. அடுத்த மாதமே நிறுவனங்கள் பேக்குகளை அறிவித்தன. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய். ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. விலைகள் அடிக்கடி மாறும். போடுவதற்கு முன் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது.

மொத்த விலையை நாளால் வகுங்கள். அப்போது ஏர்டெல்லின் 28 நாள் பேக் 199 ரூபாய், நாளுக்கு 7 ரூபாய் 10 காசு. ஒரு வருடத்தை ஓட்ட 13 முறை போட வேண்டும், ஆக 2,587 ரூபாய். நெட் இல்லாத வருடப் பேக்கில் நாளுக்கு 5 ரூபாய் 7 காசுதான். வருடத்துக்கு 738 ரூபாய் மிச்சம். முதியோர் உதவித்தொகையை நம்பி இருக்கும் ஒருவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

மாதம் என்றால் 12 தானே, 13 ஏன் என்று கேட்கலாம். 28 நாள் வேலிடிட்டியின் வேலையே அதுதான். இந்தப் புகார் அதிகமானதால்தான் 2022 ஜனவரியில், 30 நாள் பேக் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ட்ராய் சொன்னது. தேதியை நினைவில் வைத்துக்கொள்ளச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பின்னது வசதி. காலண்டரில் ஒரே தேதியை வட்டமிட்டால் போதும்.

இந்தப் பேக்குகள் எல்லாம் நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும். கடையில் போய் 'ஒரு மாசத்துக்குப் போடுங்க' என்றால் வழக்கமாக ஓடும் பேக்கைத்தான் போடுவார்கள். 'நெட் வேண்டாம், பேச மட்டும் இருக்கிற பேக் போடுங்க' என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் அப்படி ஒன்று இல்லை என்றால், ட்ராயின் கட்டண ஒப்பீட்டு இணையதளத்தில் எல்லா நிறுவனங்களின் பேக்குகளும் இருக்கின்றன. வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

வருடப் பேக்குக்கு உடனே ஓடவும் வேண்டாம். நடுவில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் மிச்ச வேலிடிட்டியும் பேலன்ஸும் கூட வராது. வீட்டுக்குள் சிக்னல் சரியாக எடுக்கிறதா, அதே போனில் குரல் தெளிவாக இருக்கிறதா என்று 84 நாள் பேக்கில் ஒரு முறை பார்த்துவிட்டு, அப்புறம் பெரிய தொகையைக் கட்டுவதே புத்திசாலித்தனம்.

'எங்களிடம் இருப்பது லைஃப்டைம் கார்டு, ரீசார்ஜே தேவையில்லை என்றுதானே கொடுத்தார்கள்?' என்று இன்றும் கேட்கும் வீடுகள் உண்டு. அவர்கள் கோபம் நியாயமானது. 2005 இறுதியில் 999 ரூபாய்க்கு ஆயுள் முழுக்க இன்கமிங் என்றுதான் போட்டி போட்டு விற்றார்கள். அப்படி விற்ற திட்டம் நிறுவனத்தின் உரிமம் உள்ளவரை தொடர வேண்டும் என்று 2006-இல் ட்ராயும் ஆணை போட்டது. ஆனால் 2018 இறுதியில் 28 நாளுக்கு 35 ரூபாய் என்று குறைந்தபட்ச ரீசார்ஜ் வந்தபோது அந்தக் காலம் முடிந்துபோனது. தமிழ்நாட்டில் பெரும் எண்ணிக்கையில் வாடிக்கையாளர்களை வைத்திருந்த ஏர்செல் அதே ஆண்டு திவாலாகி நின்றது. அந்த லைஃப்டைம் சிம்களின் கதை அதோடு சரி.

கையில் உள்ள பேக்குக்கு இன்றும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பணம் கட்டி வாங்கிய பேக்கின் கட்டணத்தை அதன் வேலிடிட்டி முடிவதற்குள் ஏற்ற முடியாது. 2024 ஜூன் இறுதியில் ஜியோவும் ஏர்டெல்லும் விலையேற்றத்தை அறிவித்தன, அமலானது ஜூலை 3-இல். இடையில் கிடைத்த சில நாளில் பழைய விலைக்கே அடுத்த பேக்கையும் போட்டு வைத்தவர்கள் பல மாதம் தப்பித்தார்கள். ஜியோவில் அப்படிப் போடும் பேக், ஓடிக்கொண்டிருப்பது முடியும் வரை வரிசையில் காத்திருக்கும். எல்லா நிறுவனத்திலும் இப்படி இல்லை. சிலவற்றில் புதுப் பேக் உடனே தொடங்கிப் பழையதை விழுங்கிவிடும், கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பேலன்ஸ் காரணம் தெரியாமல் கரைகிறதா? காலர் ட்யூன், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். 155223 என்ற இலவச எண்ணில் அவற்றை நிறுத்தலாம். பயன்பாட்டு விவரம் முழுதாக வேண்டுமென்றால் ப்ரீபெய்டுக்கும் பில் உண்டு. கடந்த ஆறு மாதத்துக்குள் உள்ளதைக் கேட்டு வாங்கலாம், கட்டணம் 50 ரூபாயைத் தாண்டக் கூடாது. புகார் பதிவு செய்ய 198.

நிறுவனத்தை மாற்ற முடிவெடுத்தால் 1900-க்குப் 'போர்ட்' செய்தி அனுப்ப வேண்டும். எஸ்எம்எஸ் இல்லாத மலிவான பேக் போட்டவர்களால் அந்த ஒரு செய்தியைக்கூட அனுப்ப முடியாத நிலை முன்பு இருந்தது. எந்தப் பேக்காக இருந்தாலும் 1900-க்குச் செய்தி போயாக வேண்டும் என்று 2021 டிசம்பரில் ட்ராய் உத்தரவிட்டபின் அந்தத் தடை நீங்கியது.

சிலர் பழைய சிம்மை இப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். துண்டித்த எண்ணை 90 நாள் வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் ட்ராய் தெரிவித்தது. அதற்குப் பின் அந்த எண் ஒரு புது மனிதரின் கைக்குப் போகலாம். வங்கியின் ஓடிபியும் அவருக்கே போகும். ஆகவே விடுவதென்று முடிவானால், சிம் வேலை செய்யும்போதே வங்கி, ஆதார், ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு எல்லாவற்றிலும் எண்ணை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'எண்ணை மாற்று' என்ற வசதி இருக்கிறது, அதையும் முடித்துவிடுங்கள். பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கேட்கும் இடங்கள் உண்டு என்பதால், இந்த வேலைகள் முடியும் வரை கடைசியாக ஒரு சின்னப் பேக் போட்டுக்கொள்வது நல்லது.