வாய் மருத்துவ முதுநிலைப் பயிற்சி

வாய் மருத்துவ முதுநிலைப் பயிற்சி என்பது பல் மருத்துவ இளநிலைப் பட்டம் பெற்றவர்கள், வாய், தாடை, முகம் ஆகியவற்றில் ஏற்படும் நோய்களைக் கண்டறிவதற்கும் அவற்றுக்குப் பெரும்பாலும் அறுவையின்றி மருத்துவம் செய்வதற்கும் பெறும் உயர்நிலைப் பயிற்சி ஆகும். இந்தியாவில் இது கதிரியலுடன் இணைக்கப்பட்டு, 'வாய் மருத்துவம் மற்றும் கதிரியல்' என்ற பெயரில் மூன்றாண்டு எம்.டி.எஸ். படிப்பாக அளிக்கப்படுகிறது. பல்லைப் பிடுங்குதல், அடைத்தல், கட்டுதல் ஆகியனவே பல் மருத்துவரின் பணி என்பது பொதுவான எண்ணம். இத்துறையினர் அவற்றைக் குறைவாகவே செய்கின்றனர். ஆறாத புண், வெண்திட்டு, வாய் எரிச்சல், உமிழ்நீர்க் குறைவு, தாடை மூட்டு நோய், காரணம் புலப்படாத முகவலி போன்றவற்றையே இவர்கள் கவனிக்கின்றனர்.

சேர்க்கையும் படிப்பின் அமைப்பும்

ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியுடன் கூடிய ஐந்தாண்டு பி.டி.எஸ். படிப்பை முடித்தவர்கள் இதில் சேரலாம். 2017ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் நாடு முழுவதற்கும் பொதுவான நீட் எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வின் வழியே மாணவர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். எம்.டி.எஸ். பட்டத்தின் ஒன்பது பிரிவுகளுள் இதுவும் ஒன்று. கலந்தாய்வில் பல் சீரமைப்பு, வேர் சிகிச்சை, வாய் முக அறுவை போன்ற பிரிவுகளே முதலில் நிரம்புகின்றன. தனி மருத்துவமனை வைத்து வருவாய் ஈட்ட அவை ஏற்றவை என்பது வெளிப்படையான காரணம்.

இந்தியப் பல் மருத்துவக் குழு 2017 இல் வெளியிட்ட ஒழுங்குவிதிகளின்படி, முதலாண்டின் இறுதியில் உடற்கூறு, உடலியங்கியல், மருந்தியல், நோயியல் முதலிய அடிப்படை அறிவியல் பாடங்களில் தேர்வு நடைபெறும். பிற தாள்களும் செய்முறைத் தேர்வும் மூன்றாண்டின் இறுதியில் அமையும். இடையில் மாணவர் ஓர் ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டும். பொது மருத்துவம், தோல் மருத்துவம், புற்றுநோயியல் போன்ற துறைகளில் குறிப்பிட்ட காலம் சென்று பயில்வதும் படிப்பின் பகுதியாகும்.

நோயாளியைப் பார்க்கும் பயிற்சி

இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் புதிதாக வரும் நோயாளி எவராயினும் பொதுவாக இத்துறையின் வெளிநோயாளர் பிரிவுக்கே முதலில் வருகிறார். இங்கு விவரம் கேட்டு, வாயைச் சோதித்த பின்னரே உரிய துறைக்கு அனுப்பப்படுகிறார். இதனால் முதுநிலை மாணவர் நாள்தோறும் ஏராளமான வாய்களைப் பார்க்கிறார். பெரும்பாலானோர் சொத்தைப் பல்லுக்காகவே வருகின்றனர். அவர்களுள் ஒருவரின் கன்னத்தின் உட்புறத்தில், அவரே அறியாத ஒரு வெண்திட்டு இருக்கக்கூடும். அதைத் தவறவிடாமல் இருப்பதே இப்பயிற்சியின் முதற் பாடம்.

விவரம் கேட்பதற்கென ஒரு முறை உண்டு. நோயாளியின் முதன்மை முறையீட்டை அவர் கூறிய சொற்களிலேயே எழுத வேண்டும். புகையிலை போடுபவரிடம், நாளைக்கு எத்தனை முறை, எத்தனை ஆண்டுகளாக, எந்தக் கன்னத்தில் ஒதுக்குகிறார், சாற்றை விழுங்குகிறாரா துப்புகிறாரா, வாயில் வைத்தபடியே உறங்குவதுண்டா என்பன வரை கேட்கப்படும். திட்டு இருக்கும் இடமும் ஒதுக்கும் இடமும் ஒன்றாக இருப்பது அடிக்கடி காணப்படுவதாகும்.

அடுத்து நாவின் நுனியைத் துணியால் பற்றி வெளியே இழுத்து, அதன் இரு ஓரங்களையும் நாவின் அடித்தளத்தையும் பார்க்கின்றனர். கழுத்தில் நெறி கட்டியுள்ளதா எனத் தடவிப் பார்க்கின்றனர். வெண்ணிறமாகத் தெரிவன யாவும் ஒரே நோய் அல்ல. துடைத்தால் பெயர்ந்து வருவது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. கன்னத்தை இழுத்துப் பிடித்தால் மறைவது தீங்கற்ற இயல்பு மாற்றம். துடைத்தாலும் இழுத்தாலும் போகாமல், வேறு நோயாகவும் இனங்காண முடியாமல் இருப்பது லூக்கோபிளாக்கியா எனப்படும் வெண்படலம். இது பிற்காலத்தில் புற்றாக மாற வாய்ப்புள்ளது. கூரிய பல்லால் உண்டான புண் எனத் தோன்றினால், பல்லைத் தேய்த்துச் சீர் செய்து இரண்டு வாரம் காத்திருப்பர். அதன் பின்னும் ஆறாவிடில் பயாப்சி எனப்படும் திசு ஆய்வு கட்டாயமாகிறது.

எப்போது பல்லைத் தொடக் கூடாது என்பதும் இங்கே கற்பிக்கப்படுகிறது. முக்கிளை நரம்பு வலியில், முகம் கழுவினாலோ உணவை மென்றாலோ மின்னல் வெட்டியது போன்ற வலி சில நொடிகள் தோன்றி மறையும். நோயாளி அதைப் பல்வலி என்றே எண்ணுவார். அவ்வாறு நல்ல பற்களை ஒன்றன்பின் ஒன்றாக இழந்தும் வலி தீராமல் வருவோர் உண்டு. இதற்கு முதல் மருந்து கார்பமசெபின். பல்லைப் பிடுங்கிப் பயனில்லை. பெம்பிகஸ் என்னும் கொப்புள நோயிலும் பெரும்பாலும் தோலுக்கு முன்னர் வாயிலேயே புண் தோன்றுகிறது. வாய்ப்புண்ணுக்கான களிம்பைப் பூசிக் காலம் கடத்தாமல் அதை அறிந்து சொல்பவர், உயிருக்கு ஊறு செய்யவல்ல ஒரு நோயைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடுகிறார்.

பாக்கினால் வரும் நோய்

மேனாட்டுப் பாடநூல்கள் சுருக்கமாகக் கூறிச் செல்லும் ஒரு நோய் இந்தியப் பயிற்சியில் பெரிய இடத்தைப் பெறுகிறது. அது வாயின் சளிச்சவ்வுக்கு அடியில் நார்த்திசு பெருகி இறுகும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் ஆகும். 1952 இல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதனைக் கண்டு ஷ்வார்ட்ஸ் என்பவர் விவரித்தார். மறு ஆண்டில் ஜோஷி அதற்கு இன்று வழங்கும் பெயரை ஒட்டிய பெயரை இட்டார். பாக்கிலுள்ள அரிகோலின் நார்த்திசு செல்களைத் தூண்டுகிறது. பாக்கில் மிகுந்துள்ள செம்பு, அந்நார்கள் சிதையாதவாறு பிணைப்பை இறுக்குகிறது.

நோயாளி முதலில் உணர்வது காரம் பொறுக்காமையே. பின்னர் வாய் திறக்கும் அளவு குறைகிறது. மேல், கீழ் முன்பற்களுக்கு இடையிலான தொலைவு பொதுவாக 40 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். முதிர்ந்த நிலையில் இரண்டு விரல் கூட நுழையாது. மாணவர் ஒவ்வொரு வருகையிலும் இதனை அளந்து பதிவு செய்கின்றனர். பாக்கை நிறுத்துதல், வாய் திறக்கும் பயிற்சிகள், ஸ்டீராய்டு, ஹையலூரோனிடேஸ் ஊசிகள் ஆகியன பயன் தரும் எனினும் இறுகிய நார் முற்றிலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட நோயாளிகளில் 7.6 விழுக்காட்டினருக்கு இது புற்றாக மாறியது என 1985 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. புகையிலை கலவாத பாக்கும் புற்றுநோய்க் காரணியே என உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.

கதிரியல்

பயிற்சியின் மறுபாதி படமெடுத்தலும் படத்தைப் படித்தலும் ஆகும். சிறு பற்படம் முதல் ஓ.பி.ஜி. எனப்படும் முழுத் தாடைப் படம், கூம்புக் கதிர்க்கற்றை சி.டி. வரை இதில் அடங்கும். வாய் மருத்துவத்துக்குப் பர்க்கெட்டின் நூலும், கதிரியலுக்கு ஒயிட், ஃபரோவா ஆகியோரின் நூலும் மாணவர்களிடையே பெரிதும் பயிலப்படுகின்றன.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் இவ்விரண்டும் தனித்தனித் துறைகள். லெஸ்டர் பர்க்கெட்டின் பாடநூல் 1946 இலேயே வெளிவந்தது. எனினும் வாய் மருத்துவம் அங்கு பல் மருத்துவச் சிறப்புத் துறையாக முறைப்படி ஏற்கப்பட்டது 2020 இல்தான். கதிரியல் 1999 இலேயே அத்தகுதியைப் பெற்றுவிட்டது. அங்கு வாய் மருத்துவப் பயிற்சி குறைந்தது இரண்டு ஆண்டுகள். ஐக்கிய இராச்சியத்தில் இத்துறை மருத்துவமனை சார்ந்தது. பொது மருத்துவப் பட்டமும் பெற்ற வல்லுநர்கள் பலர் உள்ளனர். இரு துறைகளையும் மூன்றாண்டுகளுக்குள் அடக்கும் இந்திய முறையில், உள்நோயாளிகளுடன் பழகும் காலம் குறைவாக அமைவது ஒரு குறையே. ஆயினும், கண்ட நோயை உடனே படத்திலும் தானே சரிபார்க்கும் வசதி இம்முறையில் உண்டு.

பயிற்சிக்குப் பின்

பட்டம் பெற்றோரில் பலர் கல்லூரி ஆசிரியராகின்றனர். சிலர் படமெடுக்கும் மையங்களை நடத்துகின்றனர். பொதுப் பல் மருத்துவம் செய்வோரும் உண்டு. இதற்கிடையே இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே ஆகும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 இல் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைச் சோதித்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது என 2005 இல் வெளியான முடிவுகள் காட்டின. நலப்பணியாளர் ஐயத்துக்குரியது எனக் குறித்தவற்றை மருத்துவர்கள் மீண்டும் பார்த்து, தேவையானவர்களுக்குத் திசு ஆய்வு செய்தனர்.